பாட்டுக்கு ஒரு படம்

காதால் கேட்பதற்கென்றே அமைந்த வானொலியில், கண்ணால் காண்பதொன்றைப் பற்றிப் பேச முற்படுவது சற்று விந்தையாகத் தோன்றலாம். ஆயினும், 'மியூசிக் வீடியோ' என்று இன்றைய மாணவர் வழங்கும் பாட்டுப் படம் பாட்டின் வயிற்றிற் பிறந்த பிள்ளையே. ஆதலால் அதனைப் பற்றிப் பேச வானொலிக்கும் உரிமை உண்டு.

தில்லியில் அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஐவர், சென்ற வேனிற்காலத்தில் நம்மிடம் வந்தனர். பாரதியாரின் 'காணி நிலம் வேண்டும்' என்னும் பாட்டைப் படமாக்கப் போவதாகக் கூறி, தங்கள் திட்டத்தைக் காட்டினர். தென்னை என்று பாட்டில் வந்தால் தென்னை, கிணறு என்று வந்தால் கிணறு, நிலவு என்று வந்தால் நிலவு. இவற்றுள் பெரும்பாலானவை பிறர் எடுத்த படத்துண்டுகள். அவ்வைவருள் மூவர் கிணற்றை நேரிற் கண்டதில்லை. இருவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்.

மொழிபெயர்ப்பே நமக்குத் தொழில். சொல்லுக்குச் சொல் வைத்தால் பொருள் நழுவிப் போகும் என்பதை நாள்தோறும் கோப்புகளிற் கண்டு வருகிறோம். பாட்டைப் படமாகப் பெயர்ப்பதற்கும் இஃது ஒக்கும் என்று கூறி, முன்னே பிறர் இதனை எவ்வாறு செய்தனர் என்று முதலில் ஆராய்ந்து வருமாறு சொன்னோம். அவர்கள் திரட்டி வந்த வரலாறு நமக்கும் புதுமையாக இருந்தது.

பாட்டுக்குப் படம் காட்டும் வழக்கம் சினிமாவுக்கும் மூத்தது. 1894-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் மார்க்ஸ், ஸ்டெர்ன் என்னும் இருவர், தொலைந்துபோன குழந்தையைப் பற்றித் தாம் இயற்றிய பாட்டுக்குக் கண்ணாடிச் சில்லுகளிற் படங்களை ஆக்கினர். மேடையில் ஒருவர் பாட, திரையில் விளக்கொளியால் அப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. பாட்டின் இசைத்தாளை விற்பதே அவர்கள் நோக்கம். பாட்டுப் படம் விளம்பரமாகவே பிறந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

1940-இல் சிகாகோவிலிருந்து 'பானோரம்' என்னும் பெட்டி வந்தது. உணவு விடுதிகளிலும் மதுக்கடைகளிலும் அது நிறுத்தப்பட்டது. பத்து சென்ட் நாணயத்தை இட்டால் ஏறத்தாழ மூன்று நிமிடப் பாட்டுப் படம் ஒன்று ஓடும். எட்டுப் படங்கள் ஒரே சுருளில் இருந்தமையால், விரும்பியதைத் தேர்ந்தெடுக்க இயலாது. அடுத்து வருவதைத்தான் காணவேண்டும். போர் முடிந்த சில ஆண்டுகளில் அப்பெட்டி மறைந்தது. எனினும் டியூக் எல்லிங்டன், ஃபாட்ஸ் வாலர் முதலிய கறுப்பின இசைவாணர் வாசிப்பதை நாம் இன்றும் காண முடிவதற்கு, பத்து சென்ட்டுக்காக எடுத்த அப்படங்களும் ஒரு காரணம்.

மாணவரைப் பெரிதும் கவர்ந்தது 1965-இல் லண்டனில் எடுத்த ஒரு படம். பாப் டிலன் என்னும் அமெரிக்கப் பாடகர் ஒரு சந்தில் நிற்கிறார். அவர் வாய் அசைப்பதில்லை. பாட்டின் சொற்களை எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கீழே போடுகிறார், அவ்வளவே. எடுத்தவர் பென்னிபேக்கர். பத்தாண்டு கழித்து, 1975-இல் குவீன் என்னும் ஆங்கிலக் குழுவினர், பல குரல்களை அடுக்கிப் பதிவுசெய்த தம் பாட்டை மேடையிற் பாடிக் காட்டுவது அரிதாதலால், சில மணி நேரத்திற்குள் ஒரு படம் எடுத்துத் தொலைக்காட்சிக்கு அனுப்பினர். குறை என்று எண்ணியதே வழியைக் காட்டியது.

1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளில், பாட்டுப் படங்களுக்கென்றே எம்.டி.வி. என்னும் அலைவரிசை அமெரிக்காவில் தொடங்கிற்று. அதில் முதலில் ஒளிபரப்பான பாட்டு, வானொலியின் நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது என்று பெயர் கொண்டது. நேயர்களே, நீங்கள் இவ்வுரையைக் கேட்டுக்கொண்டிருப்பதே அதற்கு மறுமொழி.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1931-இல் 'ஆலம் ஆரா' பேசத் தொடங்கியபோதே பாடவும் தொடங்கிற்று. அது முதலாகப் பாட்டுப் படம் நெடுங்காலம் சினிமாவின் வீட்டிலேயே குடியிருந்தது. தூர்தர்ஷனின் 'சித்ரஹார்', சென்னைத் தொலைக்காட்சியின் 'ஒலியும் ஒளியும்' ஆகிய இரண்டும் அவ்வீட்டின் சன்னல்களே. சினிமாவைச் சாராமல் நாடு முழுவதையும் ஈர்த்தது 1988 ஆகஸ்டு 15 அன்று ஒளிபரப்பான 'மிலே சுர் மேரா தும்ஹாரா'. பீம்சேன் ஜோஷியின் குரலில் தொடங்கி, பதினான்கு மொழிகளில் அது நடந்தது. தமிழுக்குரிய அடிகளைப் பாலமுரளி கிருஷ்ணா பாடினார். வடநாட்டில் வாழும் தமிழர் தம் மொழி நாட்டின் பொதுப்பாட்டில் ஒலிக்கக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததை நம்மிற் பலர் நினைவிற் கொண்டிருப்பர்.

இவற்றையெல்லாம் கண்டபின் மாணவர் தம் திட்டத்தைத் தாமே கிழித்தெறிந்தனர். இனி, புதிய திட்டம் உருவான முறையைச் சொல்வோம். பிற ஊர்களில் இம்முயற்சியை மேற்கொள்வோருக்கு அது பயன்படும்.

முதலாவது, உரிமை. முந்தைய ஆண்டில் வேறொரு மாணவர் குழு, புகழ்பெற்ற இசைத்தட்டு ஒன்றின் ஒலியை அப்படியே எடுத்துப் படத்தோடு சேர்த்தது. இணையத்தில் ஏற்றிய அன்றே ஒலி நீக்கப்பட்டு, ஊமைப் படமாயிற்று. ஒரு பாட்டிற் சொல் ஒருவருக்கும், மெட்டு மற்றொருவருக்கும், பதிவு இன்னொருவருக்கும் உரியதாக இருக்கலாம். பாரதியார் நூல்களின் உரிமையைச் சென்னை அரசாங்கம் 1949-இல் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. ஆகவே சொல்லுக்குத் தடையில்லை. மெட்டுக்குத் தடையுண்டு. எனவே குடியிருப்பில் பாட்டுச் சொல்லித்தரும் அம்மையார் ஒருவரைப் புதிதாக மெட்டமைத்துத் தரச்செய்து, மாணவரே பாடிப் பதிவுசெய்தனர்.

இரண்டாவது, கணக்கு. பாட்டு ஆதி தாளம். நிமிடத்திற்கு 80 எண்ணிக்கை. எட்டு எண்ணிக்கை கொண்ட ஓர் ஆவர்த்தனம் சரியாக ஆறு விநாடி. 33 ஆவர்த்தனங்களில், அஃதாவது 198 விநாடிகளில், பாட்டு முடிந்தது. ஆகவே ஆவர்த்தனத்திற்கு ஒரு காட்சியாக 33 காட்சிகள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு, காட்சியின் எண், பாட்டின் சொல், இடம், ஆள், எந்நேரத்து வெளிச்சம் என ஐந்து பத்திகளாக எழுதினர். தமிழ் எழுத்தில் தடுமாறியவர் இருவரும் சொற்பத்தியைத் தாமே எழுத வேண்டும் என்று விதித்தோம். எழுதினர், எழுதும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டனர்.

மூன்றாவது, பொருள். காணி நிலத்தை வேண்டும் அப்பாட்டு நமக்கு என்ன சொல்கிறது என்னும் கேள்விக்கு விடை அவர்கள் இல்லத்திலேயே இருந்தது. ஐவருள் ஒருவரின் தந்தையார் முப்பதாண்டுக்கு மேல் அரசாங்கப் பணியில் இருந்து, நான்கு குவார்ட்டர்ஸ் மாறியவர். ஓய்வு பெறும் நாள் நெருங்கியிருந்தது. அதன்பின் குறித்த காலத்திற்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். சொந்தமாக ஒரு பிடி மண் இல்லை. அவ்வீட்டிலேயே படம் எடுப்பது என்று முடிவாயிற்று.

வீட்டு அம்மையார் முதலில் இசையவில்லை. "அண்ணா, சுண்ணாம்புகூட அடிக்காத இந்த வீட்டையா ஊருக்குக் காட்டப் போகிறீர்கள்?" என்று நம்மைக் கேட்டார். அவர் வருத்தம் நியாயமானதே. நாம் வற்புறுத்தவில்லை. மறுநாள் அவரே, சமையலறைச் சன்னலில் வளர்த்த கறிவேப்பிலைத் தொட்டியையும் படத்திற் சேர்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

கிணற்றுக்கு மாற்றாக மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வந்தது. தென்னைக்கு மாற்றாக முனையில் நிற்கும் இளநீர் வண்டி. குயிலுக்கு மாற்றுத் தேட வேண்டியிருக்கவில்லை. தில்லி வேனிலில் வேப்பமரத்துக் குயில் விடியுமுன்பே கூவுகிறது. நிலவும் மாடிக்கு மேல் இருந்தது. பதிவுசெய்த பாட்டை ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு முறையும் கை தட்டித் தொடங்கினர்; பின்னர் அத்தட்டொலியைக் கொண்டே படத்தையும் பாட்டையும் பொருத்தினர். கைபேசி ஒன்றும் முக்காலி ஒன்றுமே கருவிகள்.

முப்பத்து மூன்றாவது காட்சி கட்டத்தில் எழுதாமல் விடப்பட்டிருந்தது. கடைசி நாள் அத்தந்தையார், ஒருவரும் கேளாமலே திருப்புளியை எடுத்து வந்து, கதவிலிருந்த தம் பெயர்ப் பலகையைக் கழற்றினார். பலகை இருந்த இடத்தில் பழைய வண்ணம் நீள்சதுரமாகத் தெரிந்தது. மாணவர் அதனை ஆறு விநாடி எடுத்தனர்.

படம் குடியிருப்பின் சங்கக் கூடத்தில் காட்டப்பட்டது. பாட்டை நெட்டுருவாக அறிந்த முதியோர் பலர் அன்று வாய்விட்டுப் பாடவில்லை, பார்த்துக்கொண்டிருந்தனர். அக்குடும்பம் இன்று வேறு ஊரில், வாடகை வீட்டில் இருக்கிறது. பெயர்ப் பலகை கூடச் சென்றிருக்கிறது.

கல்கத்தாவிலோ பம்பாயிலோ போபாலிலோ வாழும் நேயர்களே, உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் பாட்டுப் படம் எடுக்க விரும்பினால், தென்னந்தோப்பைத் தேடி அவர்களை அனுப்ப வேண்டா. பாட்டின் பொருளை அமர்ந்து சொல்லிக் கொடுங்கள். பிறகு உங்கள் வீட்டுக் கதவைத் திறந்து விடுங்கள்.