வீடு தொழிலாளிக்கா, லாபத்துக்கா?

ஹாலந்தின் ராட்டர்டாம் நகரில், தொழிலாளர் பேட்டையிலே மலிவான வீடொன்றுக்குக் கடன் கேட்டு அலைவான் தொழிலாளி. அதற்குள் ரொக்கத்தோடு வரும் முதலாளி அதை வாங்கிவிடுவான்; அந்தத் தொழிலாளிக்கே வாடகைக்கு விடுவான்!

2022 ஜனவரியில் நகரசபை பல பேட்டைகளில் தடை போட்டது. மலிவு வீட்டை வாங்கியவர், அனுமதியின்றி நான்காண்டு வாடகைக்கு விடக்கூடாது. முதல் வீடு வாங்குவோருக்கு வழி பிறந்தது. நல்லதே! ஆனால் வாடகை ஏறியது. கடனுக்கும் வழியற்ற ஏழை எங்கே போவான்?

அதே நகரில், 1922-ல் ஸ்பாங்கன் பேட்டையில் நகரசபையே தொழிலாளருக்காக 264 வீடுகள் கட்டியது. 2018-லோ, வேறொரு பேட்டையில் ஐந்நூறுக்கு மேற்பட்ட மலிவு வாடகை வீடுகளை இடிக்க முடிவெடுத்தார்கள்!

தடை பாதி வழியே, தோழர்களே! இடிப்பதை நிறுத்திப் பொதுவீடுகள் கட்டுவதே முழு வழி.