ஒரகடத்தில் நின்றுபோன தொழிற்சாலையும் நம் பிள்ளைகளின் படிப்பும்

(காஞ்சிபுரத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்த பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்த பெரியவர்கள் பின்னால் இருக்கிறார்கள். இரு சாராரும் சேர்ந்து கேட்கவேண்டிய விஷயம் இது. பிள்ளைகளுக்கு இது படிப்பு. பெரியவர்களுக்கு இது கல்லாப்பெட்டி.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. 'வான்னாகிரை' என்ற நச்சு நிரல் உலகம் முழுவதும் பரவியது. நூற்றைம்பது நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டன. திறக்க வேண்டுமானால் பணம் கொடு என்று திரையில் எழுத்து வந்தது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. எங்கோ சீமையில் நடந்தது என்று நினைக்காதீர்கள். இதோ பக்கத்தில், ஒரகடத்தில், ரெனோ-நிஸான் கார் தொழிற்சாலையில் உற்பத்தி தடைப்பட்டது. திருப்பதி தேவஸ்தான அலுவலகத்தில்கூட சில கம்ப்யூட்டர்கள் மாட்டிக்கொண்டன.

இதற்குக் காரணம் என்ன? விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாதம் ஆகியும் அதைப் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் சிக்கினார்கள். (அந்த ஓட்டை வழியே நுழையும் கருவி அமெரிக்க உளவு அமைப்பு ரகசியமாக வைத்திருந்து களவு கொடுத்தது என்பது வேறு கதை. வல்லரசின் வீட்டுப் பூட்டே அப்படி!)

அடுத்த ஆண்டு கும்பகோணம். 1904இல் தொடங்கப்பட்ட சிட்டி யூனியன் வங்கி. 2018 பிப்ரவரியில் அந்த வங்கி அனுப்பாத மூன்று பண உத்தரவுகள் அதன் பெயரிலேயே துபாய்க்கும் துருக்கிக்கும் சீனாவுக்கும் போயின. மொத்தம் சுமார் இருபது லட்சம் டாலர். துபாய்க்குப் போன ஐந்து லட்சம் டாலர் வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பியது. திருடன் செய்த சூட்சுமத்தைக் கேளுங்கள். வெளிநாட்டுப் பண உத்தரவுகளுக்கு வரும் பதிலை அச்சடிக்கும் பிரிண்டரை அவன் முதல் நாள் மாலையே செயலிழக்கச் செய்துவிட்டான். ஊழியர்கள் ஏதோ நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தார்கள். மறுநாள் கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. நின்றுபோன பிரிண்டரைப் பார்த்து, 'இது ஏன் நின்றது?' என்று சந்தேகப்படுகிற கண் வேண்டும். அந்தக் கண்ணைக் கொடுப்பதுதான் நான் சொல்லும் படிப்பு.

பெரியவர்களே, வங்கியை விடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடையில் ஒருநாள் பில் போடும் கம்ப்யூட்டர் இதே மாதிரி பூட்டிக்கொண்டது. சரக்கு அலமாரியில் பத்திரமாக இருந்தது. யார் எவ்வளவு பாக்கி என்ற பற்று வரவு போய்விட்டது. பேக்கப் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்று பென்டிரைவைக் காட்டினார். அது அதே கம்ப்யூட்டரில் எந்நேரமும் சொருகியே இருந்திருக்கிறது, அதுவும் பூட்டிக்கொண்டது! வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வைஃபையும் கல்லா கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டரில். ரவுட்டர் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டு அப்படியே. அந்த மனிதர் பாக்கிக்காரர்களின் நாணயத்தை நம்பி ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார். சிலர் கொடுத்தார்கள்.

இப்போது இளைஞர்களே, உங்களிடம் வருகிறேன். 'ஹேக்கிங் படிக்க வேண்டும்' என்று உங்களில் பலர் ஆசைப்படுகிறீர்கள். வீடியோ பார்த்துவிட்டு அடுத்தவர் வைஃபையில் கைவைத்துப் பார்க்கிறீர்கள். அனுமதியில்லாமல் பிறர் கம்ப்யூட்டருக்குள் தீய நோக்கத்தோடு நுழைந்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விளையாட்டுக்குச் செய்தேன் என்று பிறகு சொன்னால் யார் கேட்பார்கள்?

வான்னாகிரையைத் தடுத்து நிறுத்தியவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற இங்கிலாந்து இளைஞர். வயது 22, பல்கலைக்கழகம் போகாதவர். அந்த நச்சு நிரல் ஓர் இணைய முகவரியைத் தேடுவதையும், அந்த முகவரி யார் பெயரிலும் பதிவாகாமல் இருப்பதையும் கவனித்து, சில டாலர் செலவில் தானே பதிவு செய்தார். பரவல் நின்றது. உலகம் பாராட்டியது. அதே ஆகஸ்டில் அமெரிக்காவில் கைதானார்! பதின்ம வயதிலும் அதையொட்டியும் வங்கிக் கணக்குகளைத் திருடும் நிரல் எழுதிய பழைய குற்றம். 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிற்பாடு செய்த நன்மையைக் கருத்தில்கொண்டு நீதிபதி மேற்கொண்டு சிறை விதிக்காமல் விட்டார். அப்படி ஒரு நீதிபதி நமக்கும் வாய்ப்பார் என்று நம்பி நம் பிள்ளைகள் இறங்க முடியுமா?

எனவே வாசல் வழியாக நுழையுங்கள். முதலில் நெட்வொர்க், பிறகுதான் பாதுகாப்பு. பாலிடெக்னிக்கில் முதல் வேலையாக கேபிளின் எட்டுக் கம்பிகளை வண்ண வரிசைப்படி அடுக்கி முனையில் பொருத்தச் சொல்வார்கள். சலிப்பாக இருக்கும். பாவு பிணைக்கும் ஊரில் பிறந்தவர்களுக்கு, ஓர் இழை வரிசை மாறினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. பிறகு ஐபி முகவரி, ரவுட்டர், ஸ்விட்ச், லினக்ஸ். ஒரு கடையின் நெட்வொர்க்கை இரண்டாகப் பிரித்து, வாடிக்கையாளர் பக்கம் இருப்பவர் கல்லாப் பக்கம் வரமுடியாதபடி செய்யத் தெரிந்த பிறகு ஃபயர்வால் படியுங்கள். யார் எப்போது உள்ளே வந்தார் என்று காட்டும் பதிவேடுகளை வாசிக்கப் பழகுங்கள். கும்பகோணத்துப் பிரிண்டர் போன்ற சங்கதிகள் அங்கேதான் தென்படும்.

பத்தாவது முடித்தவருக்கு டிப்ளமோ மூன்றாண்டு. பன்னிரண்டாவதோ ஐ.டி.ஐ.யோ தகுதியான பாடத்துடன் முடித்தவர் நேரே இரண்டாமாண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் பொறியியல் கல்லூரியில் இரண்டாமாண்டுக்குப் போகும் வழியும் உண்டு. 2007இல் பெற்ற 3.5 சதவீத இடஒதுக்கீடு ஏட்டில் இருந்தால் போதாது. விண்ணப்பிக்கும் முன்பே சாதிச் சான்றிதழை வாங்கி வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் இது நல்ல துறை. 'இது பையன்கள் படிப்பு' என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். கல்லூரியில் சேர வசதியில்லாதவர் ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இலவசமாகக் கேட்கலாம். தேர்வுக்கு மட்டுமே கட்டணம்.

கடைசியாக வியாபாரப் பெருமக்களிடம் ஒரு கோரிக்கை. சான்றிதழோடு வரும் பையனிடம் 'அனுபவம் உண்டா?' என்று கேட்கிறார்கள். அந்த முதல் அனுபவத்தை நீங்கள் கொடுங்கள். விடுமுறையில் ஒரு மாதம், பயணச் செலவும் சிறு சம்பளமும் கொடுத்து, அவனுடைய ஆசிரியரின் மேற்பார்வையில் உங்கள் கடை நெட்வொர்க்கைச் சீர்செய்யச் சொல்லுங்கள். என்னென்ன தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுத்தில் அனுமதி கொடுங்கள். அந்தத் தாள் அவனுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. இன்றே பெயர் கொடுக்க விரும்பும் கடைக்காரர்களுக்காக வாசலருகே ஒரு நோட்டு வைத்திருக்கிறோம்.