கைப்பேசியில் படிப்பவர்களுக்காக

வாசகர் வட்டத் தோழர்களே, வேலை முடிந்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் தொலைநிலைக் கல்வி மாணவர்களே!

மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியபோது, தபால்காரர் கொண்டுவரும் பாடக்கட்டுதான் மாணவருக்கு வகுப்பறை. இன்று பாடம், விரிவுரை, தேர்வுக் கட்டணம், ஹால் டிக்கெட், ரிசல்ட் எல்லாமே கைப்பேசியில் வந்து சேர்கின்றன. லேப்டாப் இல்லாத வீட்டிலும் ஒரு போன் இருக்கிறது. அந்த ஒரே போனுக்காகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும் காத்திருக்கும் என்பது வேறு கதை.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை, திருப்பூரில் பனியன் கம்பெனி செக்கிங் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ. தமிழ் படிக்கிறார். கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் காதில் ஹெட்போன் மாட்டி விரிவுரை கேட்கிறார். முந்தின இரவே டவுன்லோட் செய்து வைத்துக்கொள்கிறார். வழியில் சிக்னல் போய்விடும். இரவு சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே அசைன்மென்ட் தாள்களைப் பரப்பிப் படம் பிடிக்கிறார். கையின் நிழல் விழுகிறது, மறுபடியும் எடுக்கிறார். எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால், 'கோப்பின் அளவு அதிகம்' என்று திரும்பி வருகிறது. கடைசித் தேதியன்று நள்ளிரவில் வாட்ஸ்அப் குழுவில், முகம் பார்த்தறியாத ஒருவர் அளவைக் குறைக்கும் வழியைச் சொல்லித் தருகிறார். அந்தக் குழுவை நான் மனதார வணங்குகிறேன். பக்கத்து பெஞ்சு நண்பர் இல்லாத படிப்பில் அதுதான் பக்கத்து பெஞ்சு.

இத்தனை பாடுபடுகிறவர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் தருவது என்ன? காகிதத்துக்காக அச்சிட்ட பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து அனுப்புகின்றன. ஆறங்குலத் திரையில் எழுத்து எறும்பாகிவிடுகிறது. விரலால் விரித்தால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. படமாகக் கிடக்கும் பக்கத்தில் ஒரு சொல்லைத் தேடவும் முடியாது. பழைய எழுத்துருவில் தட்டிய பாடமென்றால், நகலெடுத்து ஒட்டியதும் புரியாத குறிகள் வரிசைகட்டி நிற்கின்றன. இந்தச் சிக்கல் வராத யூனிகோடை ஏற்றுத் தமிழக அரசு ஆணையிட்டது 2010-இல். இன்னும் எதற்காகக் காத்திருக்கிறோம்?

பல்கலைக்கழகங்களை உரிமையோடு கேட்கிறேன். திரையின் அகலத்துக்கேற்ப வரி மடங்கும்படி பாடத்தைத் தாருங்கள். ஒரு மணி நேர விரிவுரையைத் தலைப்புவாரியாகச் சிறு துண்டுகளாக்குங்கள். ஒலியாக மட்டும் கேட்கவும் வழிசெய்யுங்கள், டேட்டா மிஞ்சும். அதற்காக அச்சுப் புத்தகத்தை நிறுத்திவிடாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் களைத்த கண்ணுக்குக் காகிதம்தான் இதம். மூன்று மணி நேரம் கையால் எழுத வேண்டிய தேர்வுக்குத் திரையை மட்டுமே பார்த்துத் தயாராவது கடினம்.

நம் வாசகர் வட்டமும் ஒன்று செய்யலாம். நாம் கூடியிருக்கும் இந்த நூலகத்தில் மாலை ஆறு மணிக்குமேல் ஓர் அறை, இலவச வைஃபை, நான்கு பிளக் பாயின்ட், ஒரு ஸ்கேனர். இவற்றைக் கேட்டு இன்றைய கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்ப வேண்டுமென்று முன்மொழிகிறேன். வழிமொழிய இங்கே பலர் இருப்பீர்கள்.