பழைய சைடுபோர்டும் புது வீடும்
(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன மாதம் போன் செய்து, "நீயும் ஏதாவது பேசணும்ப்பா" என்றார். "பாங்க் உத்தியோகத்தைப் பற்றிப் பேசினா எல்லாரும் தூங்கிடுவாங்க, மர சாமானைப் பற்றிப் பேசறேன்" என்றேன். "அதுக்கும் தூங்குவாங்க, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்தத் தைரியத்தில்தான் நிற்கிறேன்.

சைடுபோர்டு என்றால் என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். சாப்பாட்டு அறையில், சுவரை ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு நீளமாக நிற்கும் பெட்டகம். மேலே இழுப்பறைகள், கீழே கதவு போட்ட அறைகள். இதன் ஊர் இங்கிலாந்து. 1760களில் ராபர்ட் ஆடம் என்ற ஸ்காட்லாந்துக் கட்டிடக் கலைஞர், பெரிய வீடுகளின் சாப்பாட்டு அறைக்கு ஒரு நீள மேசையும், அதன் இரண்டு பக்கமும் தனித்தனியாக ஒரு பெட்டியும், பெட்டி மேல் ஒரு ஜாடியும் வரைந்து கொடுத்தார். ஜாடியில் தண்ணீர் இருக்கும், பெட்டிக்குள் தட்டுகளைச் சூடாக வைப்பார்கள். அத்தனை பெரிய அறை எல்லோருக்கும் ஏது? பிறகு வந்த தச்சர்கள் மேசையையும் பெட்டிகளையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஹெப்பிள்வைட் என்பவரின் மாதிரிப் படப் புத்தகம் 1788இல் வெளிவந்தது. அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து மனைவி ஆலிஸ் வெளியிட்டார். அதில் வளைந்த முகப்பும் ஒல்லிக் கால்களுமாக இந்தச் சைடுபோர்டுகளைப் பார்க்கலாம். சிலவற்றில் ஒயின் பாட்டில் வைக்க ஈயத் தகடு அடித்த ஆழமான அறை உண்டு. இன்னும் சிலவற்றில், சீமாட்டிகள் எழுந்து போன பிறகு துரைமார் உபயோகிக்க ஒரு மூத்திரச் சட்டிக்கும் தனி அறை உண்டு. மாணவிகள் மன்னிக்கணும், சரித்திரத்தை மறைக்க முடியாது.

விக்டோரியா ராணி காலத்தில் இது பெருத்துப் போய், பின்னால் நிலைக்கண்ணாடி, மேலே பழக்கொத்துச் செதுக்கு என்று ஆகிவிட்டது. எனக்கு அது பிடிக்காது. நம் ஊர்த் தச்சர்கள் வெள்ளைக்காரர் பங்களாக்களுக்காக அந்த மாதிரிகளைத் தேக்கிலும் ஈட்டியிலும் செய்தார்கள். மெல்லிய பலகையைப் பசை போட்டு ஒட்டிய சீமைச் சாமான் நம் வெயிலிலும் மழையிலும் உரிந்து வரும். முழுத் தேக்கில் செய்தது அப்படியே நிற்கும். தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, கரையான் லேசில் தொடாது.

அப்படி ஒன்று எங்கள் வீட்டுக்கு 1949இல் வந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு அதிகாரியின் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா எடுத்தார். வேடிக்கை என்னவென்றால், எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையே கிடையாது. எல்லோரும் தரையில் இலை போட்டுத்தான். பக்கத்தில் மேசை இல்லாத சைடுபோர்டு! அம்மா அதைச் 'சாப்பாட்டுப் பீரோ' என்பாள். ஊறுகாய் ஜாடி, பஞ்சாங்கம், ரேஷன் கார்டு, நெய் டின், அப்பாவின் மூக்குக் கண்ணாடி எல்லாம் அதற்குள்தான்.

1984இல் அப்பா காலமாகி, நாங்கள் அண்ணன் தம்பி மூன்று பேர் பாகம் பிரித்துக்கொண்டோம். பாத்திரத்துக்கு வாதாடினோம், சைடுபோர்டு யாருக்கும் வேண்டாம். "எதுக்கும்மா இந்தப் பெட்டி, இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று சொன்னவன் நான்தான். பழைய சாமான்காரர் 300 ரூபாய் கொடுத்தார். ஆளுக்கு நூறு. அம்மா இடது இழுப்பறையில் இருந்ததை ஒரு துணியில் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம் என் வீட்டில் இருந்த பதினான்கு வருஷமும் அந்த மூட்டை அவள் டிரங்குப் பெட்டியில் அவிழ்க்காமலே கிடந்தது.

1998இல் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்குடி போயிருந்தேன். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பர்மாத் தேக்குத் தூண், கதவு நிலை, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று இடித்த வீடுகளிலிருந்தும் பாகம் பிரிந்த வீடுகளிலிருந்தும் வந்து குவிந்திருக்கும். அங்கே ஒரு மூலையில், மேலே பெயிண்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு ஒரு சைடுபோர்டு. எங்களுடையதாக இருக்குமோ என்று நெஞ்சு ஒரு நிமிஷம் அடித்துக்கொண்டது.

வாங்குவதற்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு தச்சு ஆசாரியை அழைத்துப் போனேன். அவர் முகப்பைப் பார்க்கவே இல்லை. இழுப்பறையை உருவித் தலைகீழாகக் கவிழ்த்தார். "மூஞ்சி பொய் சொல்லும் சார், முதுகு சொல்லாது" என்றார். இழுப்பறை மூலையில் விரலோடு விரல் கோத்த மாதிரி இருக்கும் பல் இணைப்பு, கையால் அறுத்திருந்தால் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும். மெஷினில் வெட்டினால் எல்லாம் ஒரே அளவு. முதுகுப் பலகையில் வட்ட வட்டமாகக் கோடு தெரிந்தால் அது வட்ட ரம்பம் அறுத்தது. கூட்டல் குறி போட்ட ஸ்குரூ 1930களில்தான் வந்தது. அது இருந்தால் சாமான் புதிது, அல்லது பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கைப்பிடிக்கு உள்பக்கம் வேண்டாத ஓட்டைகள் இருந்தால் கைப்பிடி மாறியிருக்கிறது. பொடி ஓட்டைகளைக் கண்டு பயப்பட வேண்டாம், ஆனால் கீழே புது மாவு உதிர்ந்திருந்தால் உளு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

கடைக்காரர் சுரண்டிப் பளபளவென்று புது பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஆசாரி ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை முதுகில் ஓர் ஓரம் வைத்தார், பிசுபிசுவென்று ஒட்டியது. அது அவலரக்கு பாலிஷ். அதைச் சுரண்டாமலே துடைத்து, அதன் மேலேயே புதிதாக ஏற்றலாம். சூடான பாத்திரம் வைத்தால் மட்டும் வெள்ளையாக வட்டம் விழும், அடியில் ஒரு மணை வையுங்கள்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சுவரை அளந்தேன், மாடிப்படித் திருப்பத்தை அளக்கவில்லை! இரண்டாவது மாடி. கதவுகளைக் கழற்றி, இழுப்பறைகளை உருவி, நாலு பேர் தூக்கி, எதிர் வீட்டுக்காரர் சுவரில் காரை பெயர்ந்து, மூன்று மணி நேரம் ஆயிற்று.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆட்கள் போனதும் மெதுவாக எழுந்து வந்து கதவைத் தடவினாள். "இது நம்மளது இல்லடா. நம்மளதுல பூட்டு இடது பக்கம்" என்றாள். எனக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, அந்த மூட்டையை அவிழ்த்தாள். அப்பாவின் கண்ணாடி, ஒரு பழைய சாவி, நூல்கண்டு, 1984ஆம் வருஷப் பஞ்சாங்கம். எல்லாவற்றையும் இடது இழுப்பறையில் அடுக்கினாள். 2009இல் அவள் போகும்வரை அந்த இழுப்பறையை வேறு யாரும் தொடவில்லை.

இன்று அதன் மேல் டி.வி. இருக்கிறது, இணைய டப்பா இருக்கிறது. கீழே தட்டு, டம்ளர், விருந்தாளிப் போர்வை. பிளைவுட்டில் செய்த டி.வி. ஸ்டாண்டு இரண்டு அதற்குள் உப்பி வீணாகிவிட்டன. சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் ஒயரும் போகும், காற்றும் போகும். வீடு துடைக்கும் தண்ணீர் ஏறாமல் காலுக்கு அடியில் சின்னக் கல் துண்டு கொடுங்கள். வெளிநாட்டு நண்பர்கள் ஆசைப்பட வேண்டாம்: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் வெளியே அனுப்ப 1972ஆம் வருஷச் சட்டம் தடை போட்டிருக்கிறது.

கடைசியாக ஒன்று. நேற்று மாலை விடுதிப் பக்கம் போனேன். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளோடு நம் பழைய சைடுபோர்டு கிடக்கிறது. நாம் வரிசையில் நின்று மோர் வாங்கினோமே, அதன் மேல் வைத்த அண்டாவிலிருந்துதான். ஒரு கால் இல்லை, மற்றபடி முழுத் தேக்கு. கழிவுப் பொருள் ஏலப் பட்டியலில் இருக்கிறதாம். முதல்வரிடம் பேசிவிட்டேன், பட்டியலிலிருந்து எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆசாரியை அழைத்து வருகிறேன். தூக்கிப் பிடிக்க நாலு மாணவர்கள் வேண்டும். எங்கள் செட்டில் யாருக்கும் இடுப்பு சரியில்லை.