வெந்நீர் எல்லோருக்கும், திருகு ஒருவருக்கு
(குளிர்காலத் தொடக்கத்தில், உதகையில் நமது சமுதாயக் கூடத்தில் நடந்த குடும்பங்களின் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





கல்வி உதவித்தொகை பற்றியும் மருத்துவ முகாம் பற்றியும் தலைவர் அவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். என் பங்குக்கு ஒரே ஒரு விஷயம்: இந்தக் கட்டிடத்தின் கீசர். இதற்கெல்லாம் ஓர் உரையா என்று சிலர் நினைக்கலாம். ஆனால், "வெந்நீரே வேண்டாம், கீசரைக் கழற்றிவிடுவோம்" என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொல்லும் அளவுக்குக் காரியம் வந்துவிட்டது. அதனால்தான் உங்கள் முன்னால் இதை வைக்கிறேன்.

நம் ஊரின் குளிரை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி விழும் ஊர் இது. விடியற்காலையில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். உளூச் செய்யும் இடம், மையித் குளிப்பாட்டும் அறை, மாடியில் விருந்தினர் அறைகள் இவை மூன்றுக்கும் சேர்த்து 100 லிட்டர் கீசர் ஒன்று இருக்கிறது. அதன் திருகை வருகிறவர் எல்லாம் திருப்புகிறார்கள். காலையில் பார்த்தால் கடைசி அளவில் நிற்கிறது. மதியம் பார்த்தால் மெயின் சுவிட்சே அணைந்திருக்கிறது. சென்ற குளிர்காலத்தில் இரண்டு முறை பெட்டியின் பூட்டும் உடைந்தது. சர்க்கரை நோயுள்ள ஒரு பெரியவருக்கு உளூவின்போது காலில் கொப்புளம் வந்தது. சூடு அவருக்கு உறைக்கவே இல்லை. வீட்டுக்குப் போய் காலுறையைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. சர்க்கரை நோயில் காலில் புண் வந்தால் அது எங்கே போய் நிற்கும் என்பது இங்கே பல குடும்பங்களுக்குத் தெரியும்.

திருப்பியவர் யார் என்று நான் கேட்கப் போவதில்லை. திருப்பிய எவரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. சுப்ஹுக்கு வரும் பெரியவருக்குத் தண்ணீர் சுடவில்லை, கூட்டுகிறார். கரண்ட் பில்லைப் பற்றிக் கவலைப்படும் ஒரு தம்பி அணைக்கிறார். ஒரு தாய், பிள்ளையின் கை சுட்டுவிடுமே என்று குறைக்கிறார். மூவருக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒருவர் செய்வது மற்ற இருவரையும் பாதிக்கிறது.

முதலில், கூட்டுகிறவர்களுக்கு ஒரு விளக்கம். கீசரின் திருகு வண்டியின் ஆக்சிலேட்டர் போன்றதல்ல. கூட்டி வைத்தால் தண்ணீர் வேகமாகச் சூடாகாது. உள்ளே இருக்கும் கம்பி ஒரே வேகத்தில்தான் சூடாக்கும். எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதை மட்டுமே திருகு சொல்கிறது. 12 டிகிரியில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரை 3 கிலோவாட் கீசர் 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம் ஆகும், ஐந்தரை யூனிட் செலவாகும். திருகை 75-இல் வைத்தாலும் அந்த 60 டிகிரி வருவதற்கு அதே நேரம்தான். மிச்சமாக ஏறக்குறைய ஒன்றே முக்கால் யூனிட் மின்சாரமும், அடுத்து வருகிறவரின் தோலும்தான் செலவு.

தோல் என்று சொன்னேன். 49 டிகிரித் தண்ணீரில் தீக்காயம் ஏற்படச் சில நிமிடங்கள் ஆகும். 60 டிகிரியில் பெரியவர்களுக்கே சுமார் 5 விநாடி போதும். 70 டிகிரியில் கையை இழுத்துக்கொள்வதற்குள் வெந்துவிடும். பிள்ளைகளின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் புண்ணாகும்.

அப்படியானால் 40 டிகிரியிலேயே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அதிலும் ஆபத்து இருக்கிறது. 1976-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே கடும் நிமோனியா பரவிப் பலர் இறந்தார்கள். அதை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்ட கிருமிக்கு லீஜியோனெல்லா என்று பெயர். 20 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில் அது பெருகும். ஷவரிலிருந்து வரும் நீர்த்துளிப் புகையோடு நுரையீரலுக்குள் போகும். 60 டிகிரியில் அது சாகிறது. அதனால் தொட்டிக்குள் தண்ணீர் 60-இல் இருக்க வேண்டும், குழாயில் வரும்போது 40 சொச்சமாக இருக்க வேண்டும். இரண்டும் நடக்க வழி உண்டு. கீசருக்கு வெளியே, குளிர்ந்த நீரைத் தானே அளவாகக் கலந்து விடும் கலப்பு வால்வு ஒன்றைப் பொருத்த வேண்டும்.

இன்னொன்று, திருகைவிட ஆபத்தானது. கீசரின் பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று யாரோ அதன் வாயில் குச்சி செருகியிருந்தார்கள். தண்ணீர் சூடானால் விரியும். விரிந்த தண்ணீர் போக வழி வேண்டும், அதற்குத்தான் அந்த வால்வு. சூடாகும்போது கொஞ்சம் சொட்டுவது இயல்பு. அதை அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் பழுதானால் தொட்டியே வெடிக்கலாம். அதேபோல், அடிக்கடி டிரிப் ஆகிறது என்று கட்-அவுட்டை விலக்கி நேரடியாக வயர் இணைப்பதும் கூடாது. டிரிப் ஆவது தொல்லை அல்ல, எச்சரிக்கை. ஈரக் கையோடு எல்லோரும் நிற்கும் இடத்தில் மின்கசிவைத் தடுக்கும் சுவிட்சை ஒருபோதும் கழற்றக் கூடாது.

குழு கூடி எடுத்திருக்கும் முடிவுகளைச் சொல்கிறேன்.

ஒன்று: தொட்டி 60 டிகிரியில் நிலையாக இருக்கும். கலப்பு வால்வு பொருத்தி, குழாயில் 40-42 டிகிரி வரும்படி செய்யப்படும்.

இரண்டு: டைமர் வைக்கப்படும். அதிகாலை 3 மணிக்குத் தானே ஓடத் தொடங்கி, சுப்ஹுக்கு வருகிறவர்களுக்குத் தண்ணீர் தயாராக இருக்கும். இரவில் வீணாக ஓடாது. எனவே அணைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மூன்று: திருகும் டைமரும் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும். சாவி ஒன்று மோதினாரிடம், இன்னொன்று அலுவலகத்தில். மையித் வந்தால் எந்த நேரமும் மோதினார் திறந்து தருவார். அவசரத்துக்கு அணைக்கும் மெயின் சுவிட்ச் மட்டும் பெட்டிக்கு வெளியே, எல்லோர் கைக்கும் எட்டும்படி இருக்கும். தீப்பொறி, புகை, ஷாக் என்றால் யாரும் கேட்காமல் அணைக்கலாம்.

நான்கு: பெட்டியின் பக்கத்தில் ஒரு நோட்டு தொங்கும். தண்ணீர் சுடவில்லை, அதிகம் சுடுகிறது, சொட்டுகிறது, எதுவானாலும் தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். எழுத முடியாத பெரியவர்கள் மோதினாரிடம் சொன்னால் போதும். மறுநாள் அஸருக்குள், என்ன செய்தோம் என்று அதே பக்கத்தில் பதில் எழுதப்படும்.

இந்த நான்கில் நான் அதிகம் நம்புவது நான்காவதைத்தான். பூட்டு ஏற்கெனவே இரண்டு முறை உடைந்தது. குளிரில் நிற்கும் ஒருவருக்குச் சொல்ல இடம் இல்லாவிட்டால், மூன்றாவது பூட்டும் உடையும். கேட்டால் பதில் வரும் என்று தெரிந்த மனிதர் திருகைத் தேட மாட்டார். நோட்டில் பதில் எழுதாமல் விட்டால் பொதுக்கூட்டத்தில் எழுந்து எங்களைக் கேளுங்கள். அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் பெட்டியைத் தட்டி விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயைத் திறந்ததும் கையின் பின்புறத்தால் சூடு பார்த்துவிட்டு உளூவைத் தொடங்கப் பழக்குங்கள். சர்க்கரை நோயுள்ள பெரியவர்கள் கால் கழுவும் முன் கையால் சூடு பார்க்க வேண்டும், அல்லது பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இளைஞர்களே, அதற்கு உங்கள் கையைக் கொடுங்கள்.

இந்தக் கட்டிடம் உங்கள் குடும்பங்களின் நன்கொடையில் எழுந்தது. "நான் கொடுத்த காசு, நான் திருப்புகிறேன்" என்று ஒருவர் சொல்லலாம். கொடுத்த பிறகு அது அவருடையது மட்டும் அல்ல, நம் எல்லோர் கையிலும் இருக்கும் அமானிதம். இன்னொருவர் காலை நம்பி விட்டிருக்கும் தண்ணீர் அது. அதன் சூட்டை ஒருவர் விருப்பத்துக்கு விட முடியாது.

இந்தக் குளிர்காலத்தை இப்படி நடத்திப் பார்ப்போம். பிப்ரவரி முடிவில் நோட்டை எடுத்துவந்து இதே இடத்தில் வாசிக்கிறேன். குறை இருந்தால் மாற்றுவோம். கீசரைக் கழற்றும் பேச்சு அதன் பிறகும் எழாதபடி பார்த்துக்கொள்வது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது.

அல்லாஹ் நம் பெரியவர்களையும் பிள்ளைகளையும் எல்லாத் தீங்குகளிலிருந்தும் பாதுகாப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.