எண்ணம் தொழிலான கதை

பள்ளிச் சிறுவர்க்குச் சொல்லப்படும் கதைகளுள் ஜேம்ஸ் வாட்டின் கதையும் ஒன்று. அடுப்பில் நீர் கொதிக்கின்றது. கேத்தலின் மூடி துள்ளுகின்றது. அதனைக் கண்ட சிறுவன் நீராவியின் வலிமையை உணர்கின்றான். வளர்ந்தபின் நீராவிப் பொறியைப் படைக்கின்றான். இனிமையான கதை, எளிதில் நினைவில் நிற்பது. ஆயினும், அது மாணவரை இரு வகையில் ஏமாற்றிவிடுகின்றது. வாட் பிறந்தது 1736ஆம் ஆண்டில். அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1712இல், தோமஸ் நியூகொமன் என்பார் அமைத்த நீராவிப் பொறி இங்கிலாந்திலே சுரங்க நீரை இறைக்கத் தொடங்கிவிட்டது. இது ஒன்று. மற்றது இதனினும் பெரிய ஏமாற்றம். நல்ல எண்ணம் ஒன்று மனத்தில் தோன்றிவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று அக்கதை கற்பித்துவிடுகின்றது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். வாட்டின் மனத்தில் அந்த எண்ணம் தோன்றியது 1765இல். அது விலை போகும் பொருளாகி ஒரு சுரங்கத்தின் வாயிலில் இயங்கியது 1776இல். இடைப்பட்ட பதினோராண்டுகளில் நிகழ்ந்தவற்றைக் கேத்தல் கதை சொல்வதில்லை. புதிதாகத் தொழில் தொடங்க விரும்புவோர் அறியவேண்டியதோ அந்தப் பதினோராண்டுகளின் வரலாறே.

வாட் ஸ்கொத்லாந்து நாட்டவர். அளவைக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்றவர். கிளாஸ்கோ நகரிலே கடை திறக்க முனைந்தபோது, முறைப்படி அங்கே தொழில் பயிலாதவர் என்று கூறி அந்நகரத் தொழிலாளர் சங்கத்தார் தடுத்தனர். பல்கலைக்கழகத்தார் இரங்கித் தம் எல்லைக்குள் ஒரு பட்டறைக்கு இடமளித்தனர். அங்கே, 1763ஆம் ஆண்டிற் பிற்பகுதியில், பழுதடைந்த நியூகொமன் பொறியின் சிறு மாதிரியொன்று செப்பனிடுவதற்காக அவர் கைக்கு வந்தது.

அதனைச் செப்பனிட்டவர், அது அளவுக்கு மீறி நீராவியை விழுங்குவதைக் கண்டார். நியூகொமன் பொறியில் உருளைக்குள் நீராவி நிரம்பும். பின்னர் அதே உருளைக்குள் குளிர்ந்த நீரைப் பாய்ச்சி நீராவியை ஒடுங்கச் செய்வர். உள்ளே வெற்றிடம் உண்டாக, வெளிக்காற்றின் அழுத்தம் முசலத்தைக் கீழே தள்ளும். ஒவ்வொரு முறையும் உருளை குளிர்ந்துபோகும். அடுத்த முறைக்கு அதனை மீண்டும் சூடாக்கவே நீராவியின் பெரும்பகுதி செலவாகும். சோறு சமைக்கும் பானையை ஒவ்வோர் உலைக்கும் முன்னர் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி எடுப்பது போன்ற வீண்செயல் அது. 1765இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோவின் பசும்புல் வெளியில் உலாவிக்கொண்டிருந்தபோது வாட்டுக்கு விடை கிடைத்தது. நீராவியை வேறொரு கலத்திற்குள் இழுத்து அங்கே குளிரச் செய்தல் வேண்டும். அப்போது உருளை என்றும் சூடாகவே இருக்கும். அந்தத் தனிக் கலமே ஒடுக்கி எனப்படுவது.

எண்ணம் தெளிவாயிற்று. ஆனால் கையிற் பணமில்லை. இந்நிலையில் துணைவந்தவர் ஜோன் றோபக். மருத்துவம் கற்றுக் கைத்தொழிலில் இறங்கியவர். கறன் இரும்புத் தொழிற்சாலையை நிறுவியோருள் ஒருவர். அவருடைய நிலக்கரிச் சுரங்கங்களிலே நீர் பெருகி வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. நல்ல பொறி கிடைக்குமாயின் தம் சுரங்கங்கள் பிழைக்கும் என நம்பிய அவர், வாட்டின் கடன்களை ஏற்று, கண்டுபிடிப்பின் மூன்றில் இரண்டு பங்கைத் தமதாக்கிக்கொண்டார். 1769ஆம் ஆண்டு சனவரியில் ஆக்கவுரிமையும் பெறப்பட்டது.

ஆக்கவுரிமைப் பத்திரத்தால் பொறி ஓடிவிடுமா? றோபக்கின் இல்லத்தருகே கட்டப்பட்ட பதினெட்டு அங்குல உருளையின் உட்புறம் சீராக அமையவில்லை. முசலத்துக்கும் உருளைச் சுவருக்கும் இடையே நீராவி கசிந்தது. தக்கையை இட்டுப் பார்த்தார். எண்ணெய்த் துணியை இட்டுப் பார்த்தார். பழைய தொப்பிகளைக்கூட இட்டுப் பார்த்தார். கசிவு நிற்கவில்லை. இத்துணை நுட்பமான பொறியைச் செய்வதற்குரிய கருவிகளும் இல்லை, தொழிலாளரும் இல்லை என்று அக்காலத்துப் பெரும் பொறியியலாளரான ஜோன் ஸ்மீற்றன் கருதினார். அவர் கூறியது பொறாமையால் எழுந்ததன்று. அன்றைய நிலைமை அதுவே. குடும்பத்தைக் காக்க வேண்டிய வாட், கால்வாய்களுக்கு நிலமளக்கும் வேலைக்குச் சென்றார். பொறி ஒரு மூலையிற் கிடந்தது.

1773ஆம் ஆண்டு இருவருக்கும் கொடிய ஆண்டாயிற்று. சுரங்கங்களிற் கொட்டிய பணம் மீளாமையால் றோபக் வங்குரோத்து நிலையை அடைந்தார். வாட்டோ நிலமளக்கும் பணியில் வீட்டை விட்டுச் சென்றிருந்த வேளையில் தம் மனைவியை இழந்தார். றோபக்குக்குக் கடன் கொடுத்தோர் அவருடைய சொத்துக்களை மதிப்பிட்டனர். நீராவிப் பொறியிலே அவருக்கிருந்த பங்கை அவர்களுள் எவரும் ஒரு காசுக்கும் மதிக்கவில்லை. அக்கடன்காரருள் ஒருவர் மட்டும் தமக்கு வரவேண்டிய 1,200 பவுணுக்கு ஈடாக அந்தப் பங்கையே கேட்டு வாங்கிக்கொண்டார். அவர்தாம் பேர்மிங்ஹாம் நகரத்து மத்தியூ போல்டன்.

போல்டன் பொத்தான்களும் கொளுவிகளும் வெள்ளிப் பாத்திரங்களும் செய்யும் பெரிய தொழிற்சாலையொன்றைச் சோஹோ என்னுமிடத்தில் நடத்தியவர். அவருடைய சக்கரங்களை ஓட்டிய நீரோடை கோடையில் வற்றிவிடும். ஆகவே நீராவிப் பொறியின் தேவையை அவர் நூலிற் படித்து அறியவில்லை. தம் தொழிற்சாலையின் நின்றுபோன சக்கரங்களைப் பார்த்தே அறிந்தார். சில ஆண்டுகளுக்கு முன்னர், மூன்று மாவட்டங்களில் மட்டும் பொறி செய்யும் உரிமையை அவருக்கு அளிக்க றோபக் முன்வந்ததுண்டு. போல்டன் மறுத்துவிட்டார். மூன்று மாவட்டங்களுக்காகச் செய்வது பயனற்றது. உலகம் முழுவதற்குமாகச் செய்வதாயின் அது தகுந்த முயற்சி என்பது அவர் எழுதிய விடை. ஒரு பொருளின் சந்தை எத்துணைப் பெரிதென்பதைப் பொருள் உருவாவதற்கு முன்னரே கண்டவர் அவர்.

1774இல் வாட் பேர்மிங்ஹாமுக்கு வந்து சேர்ந்தார். பழைய பொறி சோஹோவில் மீண்டும் கட்டப்பட்டது. அதே ஆண்டிலே இரும்புத் தொழிலதிபர் ஜோன் வில்கின்சன், பீரங்கிக் குழாய்களைச் செவ்வையாகத் துளைக்கும் புதிய பொறியொன்றுக்கு ஆக்கவுரிமை பெற்றிருந்தார். அம்முறையைத் தழுவி அவர் குடைந்து கொடுத்த ஐம்பது அங்குல உருளையிலே, ஒரு பழைய சில்லிங் நாணயத்தின் கனமளவு பிழைகூட எங்கும் இல்லை எனப் போல்டன் வியந்து எழுதினார். வாட்டின் அறிவினால் அடைக்க முடியாத கசிவை வேறொருவருடைய கைத்திறன் அடைத்தது. போருக்காகப் பிறந்த கருவி நீராவிப் பொறிக்கு உயிர் கொடுத்தது.

காலமோ கடந்துகொண்டிருந்தது. ஆக்கவுரிமை பதினான்கு ஆண்டுகளுக்கே உரியது. அவற்றுள் ஆறு ஆண்டுகள் பயனின்றிக் கழிந்துவிட்டன. போல்டனின் செல்வாக்கும் வாட்டின் முயற்சியும் சேர, 1775இல் பாராளுமன்றம் அவ்வுரிமையை 1800ஆம் ஆண்டுவரை நீடித்தது. 1776ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, பேர்மிங்ஹாமுக்கு அண்மையிலுள்ள புளூம்பீல்ட் நிலக்கரிச் சுரங்கத்தில், பலரும் கூடியிருந்து பார்க்க, அவர்களுடைய பொறி நீரை இறைத்தது.

பொறி இயங்கிவிட்டது, அதனை வாங்குவார் யார்? போல்டன் நுழைந்த களம் கோர்ண்வால். அங்கே அக்காலத்தில் வெள்ளீயச் சுரங்கங்களும் செம்புச் சுரங்கங்களும் நிறைய இருந்தன, நிலக்கரி இல்லை. கடல்வழியே தருவிக்கும் கரிக்குச் சுரங்க உரிமையாளர் பெரும்பணம் செலவிட்டனர். கரி மலிந்த ஊரிலே கரியை மிச்சப்படுத்தும் பொறிக்கு மதிப்பில்லை. கரி அரிதான ஊரிலோ அதுவே செல்வம். ஆயினும், புதிய பொறியைப் பெரும் விலை கொடுத்து வாங்க எவரும் அஞ்சுவர் என்பதைப் போல்டன் அறிவார். ஆதலின் புதியதோர் ஏற்பாடு செய்யப்பட்டது. உருளை முதலிய உறுப்புக்களை வாங்குவோர் தம் செலவிலே பெறுவர். வாட்டின் நிறுவனத்தார் வரைபடங்களையும் நுட்பமான சில பகுதிகளையும் மேற்பார்வையையும் அளிப்பர். பழைய பொறியோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் கரியின் பெறுமதியில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் நிறுவனத்துக்குச் செலுத்தினாற் போதும். மிச்சமில்லையேல் கொடுப்பனவும் இல்லை. பொறி எத்தனை முறை அசைந்தது என்பதை எண்ணப் பூட்டிய பெட்டிக்குள் ஓர் எண்ணுகருவியும் அமைக்கப்பட்டது. ஒடுக்கியைக் கண்டறிந்தது போலவே இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததும் ஒரு கண்டுபிடிப்பே. இது இல்லையேல் அதுவும் கிளாஸ்கோவிலேயே உறங்கியிருக்கும்.

இவையெல்லாம் இலகுவாக நடந்தன என எண்ணலாகாது. போல்டன் தம் பிற தொழில்களின் வருவாயையும் கடன்வாங்கிய பணத்தையும் இதிலே இட்டார். பல ஆண்டுகள் கடன் சுமையோடு போராடினார். கோர்ண்வால் சுரங்கக்காரர், பொறி பழகிப்போன பின்னர், மூன்றிலொரு பங்கைக் கொடுக்க முணுமுணுத்தனர். வாட்டுக்குத் தலைவலியும் மனச்சோர்வும் தீராத துணைகளாயின. கணக்குத் தீர்ப்பதிலும் பேரம் பேசுவதிலும் பார்க்கக் குண்டு நிரப்பிய பீரங்கியை எதிர்கொள்ளுதல் மேல் என்று எழுதிய மனிதர் அவர். பேரம் பேசுவதையே தம் கலையாகக் கொண்டவர் போல்டன். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. இருவரும் அதனை அறிந்திருந்தனர். இருபத்தைந்து ஆண்டுகள் அப்பங்குடைமை நிலைத்ததன் இரகசியம் அதுவே.

கோர்ண்வாலின் சுரங்கங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை என்பதை உணர்ந்தவரும் போல்டனே. ஆலைகளை ஓட்டச் சுழல் இயக்கம் தரும் பொறி வேண்டும் என்று அவர் விடாது தூண்டினார். 1781இல் வாட் அதற்கும் வழி கண்டார். ஆலைகளிலே ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய பொறி இல்லை, இருந்தவை குதிரைகளே. ஆகவே ஒரு குதிரையின் வேலைத்திறனை அளந்து, நிமிடத்திற்கு 33,000 இறாத்தலை ஓர் அடி உயர்த்தும் ஆற்றல் ஒரு பரிவலு என வரையறுத்தார். இன்றும் மோட்டார் வண்டிகளின் வலிமையைக் கூறப் பயன்படும் அவ்வளவு, வாடிக்கையாளருக்கு விளங்கும் மொழியிலே விலை சொல்வதற்கு உதவிய அளவாகும்.

இவ்வெற்றிக்கு ஒரு நிழலும் உண்டு. 1800வரை நீண்ட உரிமையை இருவரும் இறுகப் பற்றிக்கொண்டனர். பிறர் அமைத்த பொறிகளுக்கு எதிராக வழக்காடி வென்றனர். உயர் அழுத்த நீராவியைப் பயன்படுத்துவதை வாட் விரும்பவில்லை. அவ்வழியிலே ரிச்சார்ட் திரெவிதிக் போன்றோர் வேகமாக முன்னேறியது அவ்வுரிமை முடிந்த பின்னரேயாம். ஒருகாலத்திலே சங்கத்தாரின் தடையால் கடை திறக்க இயலாதிருந்தவர், பிற்காலத்திலே பிறர் வழியில் தாமே ஒரு தடையாக நின்றார். முயற்சியாளர் கற்கவேண்டிய பாடங்களுள் இதுவும் ஒன்று.

போல்டன் 1809இலும் வாட் 1819இலும் புகழோடு மறைந்தனர். றோபக் இறந்தது 1794இல். அக்காலம் அவர்களுடைய பொறிகள் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் நாடெங்கும் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் வருவாயில் அவருக்கு ஒரு பங்கும் இல்லை. அவரும் எண்ணத்தின் பெறுமதியை அறிந்தவரே. பணத்தை அஞ்சாது இட்டவரே. தக்க கைத்திறனும் தக்க சந்தையும் வந்து சேருமுன் அவருடைய கையிருப்புத் தீர்ந்துவிட்டது. கேத்தலின் முன்னே அமர்ந்த சிறுவனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியர், கசிந்துகொண்டிருந்த உருளையின் முன்னே நின்ற இந்த மனிதரின் கதையையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. எண்ணத்திற்கும் தொழிலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அவர்கள் அப்போது சரியாக அளந்துகொள்வர்.