ஓர் இறாத்தல் பாணின் விலை
(ஆண்டுவிழா ஆராதனையின் பின் ஆற்றிய உரை)



நம்முடைய சபையின் வரலாற்றைச் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். அதை மூப்பர் ஐயா இந்த மலரின் முற்பக்கங்களில் என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறார். ஆகவே நான் அயலவர் வீட்டு விழா ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். இந்த வருடம் நம்முடைய ஏலப் பணத்தை என்ன செய்வது என்று சபைக்கூட்டத்தில் தீர்மானிக்க இருக்கிறோம் அல்லவா? அதற்கு முன்பு இது உங்கள் காதில் விழ வேண்டும் என்று நினைத்தேன்.

பிள்ளைகளே, செயின்ட் ஜேக்கப்ஸ் சந்தைக்குப் போகிற வழியில் கறுப்புக் குதிரைவண்டியைக் கண்டால் "மெனோனைட் ஆட்கள்!" என்று கார்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பீர்கள். சரிதான். ஆனால் வண்டியில் போகிறவர்கள் அவர்களில் பழைய ஒழுங்கைக் கைக்கொள்ளும் ஒரு பகுதியினர் மட்டுமே. மற்றவர்கள் நம்மைப் போலக் கார் ஓட்டுகிறவர்கள். உங்கள் பல் வைத்தியர்கூட ஒரு மெனோனைட்டாக இருக்கலாம், யார் கண்டது!

இவர்களுடைய தொடக்கம் 1525இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரத்தில். விசுவாசத்தை அறிக்கையிட்ட பிறகே ஞானஸ்நானம் என்றார்கள். (அதில் நமக்கும் அவர்களுக்கும் பேச்சு உண்டு, இன்று அதைத் தொடவில்லை.) வாளைத் தொட மாட்டோம் என்பது காலப்போக்கில் அவர்களின் அடையாளமாயிற்று. மென்னோ சைமன்ஸ் என்ற டச்சுக் குருவானவர் 1536இல் தம் பதவியை விட்டு இவர்களோடு சேர்ந்தார். அவருடைய பெயரே இவர்களுக்கு நிலைத்துவிட்டது. துன்பம் மிகுதியாய் வந்தது. 1569இல் நெதர்லாந்தில் டிர்க் வில்லெம்ஸ் என்பவர் சிறையிலிருந்து தப்பி, உறைந்த நீரின்மேல் ஓடிக் கடந்தார். துரத்தி வந்த காவலனின் காலடியில் பனிக்கட்டி உடைந்தது. அவன் தண்ணீருக்குள் விழுந்து கூக்குரலிட்டான். டிர்க் திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். பிடிபட்டார், எரிக்கப்பட்டார். இந்தக் கதையை மெனோனைட் பிள்ளைகள் சிறுவயதிலேயே கேட்டு வளர்கிறார்கள்.

1800 அளவில் அவர்களில் சிலர் பென்சில்வேனியாவிலிருந்து குதிரைகள் இழுத்த பெரிய வண்டிகளில் ஒன்ராறியோவின் கிராண்ட் ஆற்றோரத்துக்கு வந்தார்கள். இன்றைய கிச்சனர், வாட்டர்லூ எல்லாம் அப்படி உருவான ஊர்கள்தான்.

இனி விழாவுக்கு வருவோம். கிச்சனருக்குச் சற்று மேற்கே நியூ ஹாம்பர்க் என்று ஒரு சிற்றூர். அங்கே 1967இல் மெனோனைட் சபைகள் சேர்ந்து நிவாரண விற்பனை ஒன்றைத் தொடங்கின. பல பத்தாண்டுகளாக மே மாதக் கடைசியில் அது கூடி வந்திருக்கிறது. ஸ்ட்ராபெரி பை, சுடச்சுடப் பொரித்த அப்பிள் பணியாரம், பன்றியிறைச்சி வைத்த பாண் என்று சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் சனங்கள் அலைமோதுவது கில்ட் ஏலத்துக்குத்தான்.

கில்ட் என்பது துண்டுத் துணிகளைக் கோலம்போலப் பொருத்தித் தைத்து, நடுவில் பஞ்சும் கீழே இன்னொரு துணியும் வைத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் நுணுக்கமாகத் தைக்கும் போர்வை. ஒரு மரச்சட்டத்தில் அதை இழுத்துக் கட்டி, சபைப் பெண்கள் சுற்றிவர இருந்து தைப்பார்கள். ஒரு போர்வைக்கு நூற்றுக்கணக்கான மணிநேரம் செல்லும். குளிர்காலம் முழுவதும் தைத்தது ஏலத்தில் சில நிமிடங்களில் போய்விடும், சிலது பல ஆயிரம் டொலருக்கு. தைத்தவர்களுக்கு அதில் ஒரு சதமும் இல்லை. சபைக் கட்டடத்துக்கும் இல்லை. வருமானம் மெனோனைட் மத்தியக் குழுவின் உலக நிவாரணப் பணிக்குப் போகிறது.

இப்படிப்பட்ட விற்பனைகள் வட அமெரிக்காவில் பல ஊர்களில் நடக்கின்றன. சில இடங்களில் முதலில் ஏலத்துக்கு வருவது வீட்டில் சுட்ட ஓர் இறாத்தல் பாண். வாங்கியவர் பணத்தைக் கொடுத்துவிட்டு, பாணைத் திரும்ப ஏலக்காரர் கையில் வைப்பார். மறுபடியும் விலை கூறப்படும்.

ஏன் பாண்? 1920இல் அந்தக் குழு உருவானதே பசியினால்தான். தெற்கு ரஷ்யாவிலும் உக்ரைனிலும் வாழ்ந்த மெனோனைட் மக்கள் போரிலும் கலகத்திலும் எல்லாவற்றையும் இழந்து பட்டினி கிடந்தார்கள். அமெரிக்காவில் பல பிரிவுகளாக நின்ற மெனோனைட்டுகள் அந்தப் பசிக்காக ஒன்றுகூடினார்கள். 1922இல் கஞ்சித்தொட்டிகள் திறந்தார்கள். உழுவதற்குக் குதிரையும் இல்லை என்று அறிந்து 50 உழவு இயந்திரங்களைக் கப்பலேற்றினார்கள். தங்கள் இனத்தாருக்காகத் தொடங்கிய வேலைதான். ஆனால் தொட்டியண்டை அயல் கிராமத்துப் பிள்ளையும் வந்து நின்றதே! அதற்கும் ஊற்றினார்கள்.

1924 ஜூலையில் அந்தப் பஞ்சத்தில் பிழைத்தவர்கள் எண்ணூறு பேருக்கு மேல் ரயிலில் வாட்டர்லூ வந்து இறங்கினார்கள். அங்கிருந்த விவசாயக் குடும்பங்கள் அவர்களைப் பங்கிட்டு வீடுகளுக்கு அழைத்துப்போயின. இரு பக்கமும் ஜெர்மன்தான், ஆனால் ஒருவர் வீட்டுப் பேச்சு மற்றவருக்கு இலகுவில் விளங்கவில்லை. யாழ்ப்பாணத்து ஆச்சியும் நாகர்கோவில் பாட்டியும் ஒரே அடுப்படியில் நின்றது போல இருந்திருக்கும்.

பிறகு 1979. வியட்நாம், லாவோஸ், கம்போடியா மக்கள் படகுகளிலும் முகாம்களிலும் தவித்த காலம். அகதிகளைச் சபைகளே பொறுப்பெடுத்து அழைப்பதற்குக் கனடா அரசோடு முதன்முதல் ஒப்பந்தம் செய்தது இந்த மெனோனைட் மத்தியக் குழுதான். அந்த வருடம் மார்ச் மாதம் அது கையெழுத்தாயிற்று. மற்றத் திருச்சபைகள் பின்தொடர்ந்தன. 1979, 1980 ஆகிய இரண்டு வருடங்களில் ஏறத்தாழ 60,000 பேர் வந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரை அழைத்தவர்கள் சபைகளும் சாதாரண மக்களும். அப்படி வந்த லாவோஸ் மக்களில் சிலர் கிச்சனரில் மெனோனைட் சபையாகவே கூடினார்கள். நியூ ஹாம்பர்க் விற்பனையில் அவர்கள் சுற்றிப் பொரித்துக் கொடுத்த ஸ்பிரிங் ரோல்ஸ் பேர்போனவை. ஸ்ட்ராபெரி பைக்குப் பக்கத்திலே அதற்கும் நீண்ட வரிசை.

நம்மில் அநேகர் அந்த ஒப்பந்தத்தால் வந்தவர்கள் அல்லர். விமான நிலையத்தில் அடைக்கலம் கேட்டோம், அல்லது அண்ணனோ மாமாவோ கூப்பிட வந்தோம். ஆனால் முதல் குளிர்காலத்து மேலங்கி உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று அப்பா அம்மாவைக் கேளுங்கள், பிள்ளைகளே. பலருடைய பதில் ஏதாவது ஒரு திருச்சபையின் அடித்தளமாக இருக்கும்.

ஏலம் நமக்குப் புதிதா? ஊரில் அறுவடைத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தென்தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் அறுப்பின் பண்டிகை என்பார்கள். பூசணிக்காய், வாழைக்குலை, கால் கட்டிய சேவல், கோழி இட்ட முதல் முட்டை. "ஒருதரம், இரண்டுதரம்" என்னும்போது பின்வரிசையிலிருந்து ஒருவர் கையை உயர்த்துவார். முட்டைக்கு அவ்வளவு விலை இல்லை என்று அவருக்கும் தெரியும். இங்கும் நாம் வருடந்தோறும் நவம்பரில் அதைச் செய்கிறோம். பணம் கட்டட நிதிக்குப் போகிறது.

இந்த ஒரு வருடம் மட்டும் அதை முழுவதும் வெளியே கொடுப்போம் என்பது என் விண்ணப்பம். "ஞாயிறு பின்னேரத்தில் வாடகை மண்டபத்தில் ஆராதிக்கிற நாங்களா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சுயநலக்காரர் அல்லர். மண்டபம் பூட்டியிருந்ததால் பனியில் காத்து நின்ற வயோதிபரைப் பார்த்து வேதனைப்பட்டவர்கள். கட்டடம் தேவைதான். இன்னொரு வருடம் பிந்தினால் அது பிந்தும். அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. "கொடுப்பதென்றால் ஊருக்கே கொடுப்போம்" என்பவர்களும் உண்டு. அதிலும் தவறில்லை. ரஷ்யாவுக்குக் கஞ்சித்தொட்டி அனுப்பியவர்களும் தங்கள் சொந்தங்களிலிருந்துதான் தொடங்கினார்கள். ஊருக்குப் பாதி, நமக்கு முன்பின் தெரியாத ஒருவருக்குப் பாதி என்று பிரித்தாலும் எனக்குச் சம்மதம். பேசித் தீர்மானியுங்கள். பிள்ளைகளுக்குக் கூட்டத்தில் வாக்கு இல்லை. ஆனால் வீட்டில் சாப்பாட்டு மேசையில் கேள்வி கேட்க யாரும் தடுக்கவில்லை.

கடைசியாக ஓர் அறிவித்தல். இந்த ஏலத்துக்கு நாமும் ஒரு போர்வை தைக்கிறோம். வீட்டுக்கு வீடு, உள்ளங்கை இரண்டளவு பருத்தித் துணி ஒன்று கொண்டுவாருங்கள். பழைய சாரம், சட்டை, நூல்சேலை எதுவும் ஆகும். பட்டு வேண்டாம், துவைக்க முடியாது. சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு மண்டபத்தின் அடித்தளத்தில் தையல். பத்து வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஊசி தர மாட்டோம். ஆனால் அவர்கள் கட்டாயம் வர வேண்டும். நம் அன்ரிமாரில் பாதிப் பேருக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாது.